வெள்ளிக்கிழமை மீன் வறுவல்: தட்டில் விழும் காசு எங்கே போகிறது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் மீன் பொரிகிற வாசனை வரும். பெரிய உணவகம், முக்குக் கடை பார், தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம், தீயணைப்பு நிலையம் என்று எங்கே பார்த்தாலும் அன்றைக்கு மீன்தான். பீர் ஊற்றிக் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்த மீன், துருவிய முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கில் ஏதாவது ஒன்று, ஒரு துண்டு ரை ரொட்டி. இந்தத் தட்டுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் பக்தியும் உண்டு, வியாபாரமும் உண்டு, ஊருக்கு உதவுவதும் உண்டு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

முதலில் பக்தி. அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுத்தபோசன நாள். இறைச்சி கூடாது, மீனுக்குத் தடை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் மில்வாக்கி நகருக்குக் குடிவந்தவர்களில் கத்தோலிக்கர்கள் ஏராளம். ஊரை ஒட்டியே மிச்சிகன் ஏரி. அதில் மஞ்சள் பெர்ச் என்கிற சின்ன மீன் மலிவாகக் கிடைத்தது.

அடுத்தது வியாபாரம். அந்தக் காலத்து அமெரிக்க மதுக்கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. குடிக்கிற பீருக்குக் காசு கொடுத்தால் போதும், சாப்பாடு இலவசம். தட்டில் வைப்பதெல்லாம் உப்புக் கரிக்கும். பின்னே, அடுத்த கிளாஸ் எப்படி விற்கும்? 1920இல் மதுவிலக்கு வந்ததும் இந்தக் கடைகள் திண்டாடிப்போயின. பீர் இல்லாத கடைக்கு ஆளை எப்படி வரவழைப்பது? பல கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டது வெள்ளிக்கிழமை மீனைத்தான். விலை சொற்பம், குடும்பத்தோடு வரலாம். அன்றைக்கு அது கடையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. 1933இல் மதுவிலக்கு போய் பீர் திரும்பி வந்தது. மீன் போகவில்லை.

இங்கே கொஞ்சம் வடக்கே போக வேண்டும். மிச்சிகன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டோர் கவுண்டி என்ற நிலமுனை. அங்கே மீனைப் பொரிப்பதில்லை, வேகவைப்பார்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய மீனவர்களும் மரவெட்டிகளும் நிறையப் பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கக் கண்ட வழி. திறந்த வெளியில் விறகடுப்பு, அதன்மேல் பெரிய கொப்பரை. 8 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ அரைக்கிலோ உப்பு! கேட்டால் நமக்கு நாக்கு சுருங்கும். ஆனால் உருளைக்கிழங்கு தோலோடு வேகிறது, ஒயிட்ஃபிஷ் துண்டுகள் கடைசிப் பத்து நிமிடம்தான் தண்ணீரில் கிடக்கின்றன. அதனால் உப்பு அவ்வளவாக ஏறுவதில்லை. அவ்வளவு உப்புக்கு வேறு வேலை இருக்கிறது. தண்ணீரின் அடர்த்தி கூடுவதால் மீனின் கொழுப்பு நுரையோடு மேலே மிதந்து வரும். அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் அடுப்பில் மண்ணெண்ணெயை வீசுவார். தீ குபீரென்று எழும்பும், கொப்பரை பொங்கி வழியும், கொழுப்பும் நுரையும் வெளியேறும், வழிந்த தண்ணீர் தீயையும் அடக்கிவிடும். பிறகு மீன்மேல் உருக்கிய வெண்ணெய். முடிவில் அந்த ஊர் செர்ரிப் பழத்தில் செய்த பை.

இந்தக் கொப்பரை வெகுகாலம் தேவாலயங்களுக்கு நிதி திரட்டத்தான் ஏறிக்கொண்டிருந்தது. 1961இல் எலிசன் பே என்ற ஊரில் வைக்கிங் கிரில் என்ற உணவகம் அதைத் தன் வாசலுக்குக் கொண்டுவந்தது. மற்ற உணவகங்களும் பின்தொடர்ந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தீக்காகக் காத்திருக்கிறார்கள். தொண்டுக்கு வைத்த அடுப்பு தொழிலானது இப்படி.

பொரித்த மீன் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. கடைக்காரர்களின் தந்திரத்தைப் பங்குக் கோயில்கள் எடுத்துக்கொண்டன. கொலம்பஸ் வீரர்கள் என்ற கத்தோலிக்கச் சங்கம் 1882இல் தொடங்கியதே, உறுப்பினர் இறந்தால் அவர் மனைவி மக்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் அந்தச் சங்கத்து ஆட்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்பார்கள். வருமானம் பங்குப் பள்ளிக்கூடத்துக்கோ ஏழைகளின் உணவுக் கிடங்குக்கோ போகும். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் தன்னார்வத் தீயணைப்புப் படைகளும் இதையே செய்கின்றன. அந்த நகரம் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் பெரும்பாலான தீயணைப்புப் படைகள் சம்பளம் இல்லாதவை. வண்டி வாங்க, குழாய் வாங்க மீன் விற்க வேண்டும். ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு ஊர்க்காரர்கள் மீன் பொரிப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அந்த ஊர்க்காரர்களோ அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

இந்த வெள்ளிக்கிழமைப் பழக்கத்தின் பலத்தைச் சின்சினாட்டி நகரில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர் பட்டு அறிந்தார். லூ குரோன் என்பது பெயர். சுற்றிலும் கத்தோலிக்கர்கள், வெள்ளிக்கிழமையானால் கடை காற்று வாங்கும். அவர் மீன் சாண்ட்விச் ஒன்றைத் தயாரித்தார். நிறுவனத்தின் முதலாளி ரே கிராக், இறைச்சிக்குப் பதிலாக அன்னாசித் துண்டு வைத்த பர்கரை எதிரே நிறுத்தினார். 1962 பெரிய வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் 350, அன்னாசி 6.

1966இல் திருச்சபை சுத்தபோசனச் சட்டத்தைத் தளர்த்தியது. அமெரிக்காவில் தவக்கால வெள்ளிகளுக்கு மட்டும்தான் கட்டாயம் என்றானது. விஸ்கான்சினில் வருடம் முழுக்க மீன் பொரிவது நிற்கவில்லை. லூத்தரன்காரரும் கடவுள் நம்பிக்கையே இல்லாதவரும்கூட வரிசையில் நிற்கிறார்கள். ஏரிதான் கைவிட்டது. பெர்ச் அருகிப்போனதால் 1996இல் மிச்சிகன் ஏரியின் விஸ்கான்சின் பகுதியில், கிரீன் பே வளைகுடா தவிர, வணிக ரீதியாக அதைப் பிடிக்கத் தடை வந்தது. இப்போது தட்டில் இருப்பது பெரும்பாலும் தூரத்துக் கடல்களிலிருந்து உறையவைத்து வரும் காட் மீன்.

கடல் உணவகங்களும் இன்று ஏதாவது ஒரு மாலையைத் தொண்டுக்கென்று ஒதுக்கி, 'இன்றைய வருமானத்தில் ஒரு பங்கு இன்ன அமைப்புக்கு' என்று அறிவிக்கின்றன. நல்ல காரியம். ஆனால் அந்தப் பங்கு, விற்பனையிலா லாபத்திலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூறு டாலர் பில்லில் விற்பனையின் பத்து சதவீதம் என்றால் பத்து டாலர். லாபத்தின் பத்து சதவீதம் என்றால் சில்லறைதான். உணவகத் தொழிலில் நிற்கும் லாபமே அவ்வளவு குறைவு. கோயில் கூடத்தில் மீனும் எண்ணெயும் போக மிச்சம் மொத்தமும் பள்ளிக்கூடத்துக்கு, ஏனென்றால் அங்கே யாருக்கும் கூலி இல்லை. காட் விலை ஏறும் வருடங்களில் அவர்களுக்கும் கையைக் கடிக்கிறது. அப்போது தட்டின் விலையைக் கூட்டுவதா, மலிவான போலக் மீனுக்கு மாறுவதா என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் சண்டையே நடக்கும்.