தெளிவே தீர்ப்புக்கு அழகு



தீர்ப்புக்குப் பெரிதும் தேவை கருணையா, தெளிவா? கருணைதான்னு எதிரணி அம்மா உருகி உருகிப் பேசிட்டுப் போனாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அம்மா, கருணைக் கடுதாசி போய்ச் சேரணும்னா விலாசம் தெளிவா இருக்கணுமில்லே? (கைதட்டல்)

உத்தரப் பிரதேசத்தில் ஒருத்தர் மேல மின்சாதனத் திருட்டுன்னு 9 வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் 2 வருஷம். ஒன்பதும் ஒரே சமயத்தில் ஓடினா 2 வருஷம். ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு ஓடினா 18 வருஷம்! 'ஏககாலத்தில்' என்ற ஒரு வார்த்தை தீர்ப்பில் இல்லை. நீதிபதி சொல்லாவிட்டால், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும், சட்டம் அப்படி. சிறையில 18ன்னு கணக்குப் போட்டாங்க. உயர்நீதிமன்றமும் கைவிட்டது. 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம்தான் ஏககாலம்னு சொல்லி அவரை மீட்டது. அதுக்குள்ள 3 வருஷம் போயிடுச்சு. விடுபட்ட ஒரு வார்த்தைக்கு விலை 16 வருஷமாய்யா?

"சந்தேகம் வந்தா கைதிக்குச் சாதகமா முடிவு பண்ணலாமே" என்கிறார் எதிரணி நண்பர். பண்ணலையே! டெல்லி வரைக்கும் போக முடியாதவன் என்ன செய்வான்?

ஆயுள் தண்டனைன்னா எத்தனை வருஷம்னு டீக்கடையில கேளுங்க. "14"ம்பாங்க. இல்லைங்க! ஆயுள்னா கடைசி மூச்சு வரைக்கும்னு உச்சநீதிமன்றம் 1961லேயே சொல்லிடுச்சு. அப்ப இந்த 14? மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, 14 வருஷத்துக்கு முன்னால தண்டனைக் குறைப்புக் கொடுத்து விடக்கூடாதுன்னு 1978ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தாங்க. அது கதவு திறக்கிற நாள் இல்லை. கதவைத் தட்டலாம்கிற நாள்!

சில வழக்கில், 20, 25, 30 வருஷம் குறைப்பே கிடையாதுன்னு உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் எழுதலாம்னு 2015ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையா சொன்னது. 2016ல் இன்னொன்று: ரெண்டு ஆயுள் தண்டனையை ஒன்றன்பின் ஒன்றா அனுபவிக்கச் சொல்ல முடியாது. ஆமா, ஒரு ஆளுக்கு எத்தனை ஆயுள்? (சிரிப்பு)

சிரிச்சிட்டோம். ஆனா 14ஐ நம்பி ஒரு தாய் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கா. அங்கே, மகனைப் பறிகொடுத்த இன்னொரு தாய், ஆயுள்னா அவன் வரவே மாட்டான்னு நம்பிக்கிட்டிருக்கா. ரெண்டு பேருக்கும் யாரும் விவரம் சொல்லலை. ரெண்டு பேரும் ஏமாறுறாங்க. தண்டனை எந்தத் தேதியில் தொடங்குது, எது எதோடு சேர்ந்து ஓடுது, எந்தத் தேதிக்கு முன்னால குறைப்புக் கேட்க முடியாது - இந்த மூணையும் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிட்டா, அதைவிடப் பெரிய கருணை உண்டா?

நடுவர் அவர்களே, நீங்களும் "ரெண்டும் வேணும்"னு சொல்லிக் குழப்பிடாதீங்க. (பலத்த சிரிப்பு) தெளிவே என்று தெளிவாகத் தீர்ப்புச் சொல்லுங்கள்! (கைதட்டல்)