புளியும் எவர்சில்வர்ப் பாத்திரமும்



எவர்சில்வர்ப் பாத்திரம் இல்லாத அடுப்படியை இன்று காண்பது அரிது. அது உடையாது, எளிதில் துருப்பிடிக்காது, மகளுக்குச் சீராகக் கொடுக்கவும் ஏற்றது. ஆயினும், அதில் புளிக்குழம்பு வைக்கலாமா, வைத்ததை மறுநாள்வரை அதிலேயே விட்டுவைக்கலாமா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. அதனைத் தெளிவுபடுத்துவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

எவர்சில்வர் என்பது வெள்ளியன்று. இரும்புடன் குரோமியமும், பல வகைகளில் நிக்கலும் சேர்த்து உருக்கிய எஃகே அது. பாத்திரத்தின் அடியில் 18/8 என்று பொறித்திருந்தால், நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ளன என்பது பொருள். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாக எஃகின்மீது படிகிறது. துருவைத் தடுப்பது இப்போர்வையே.

ஆனால், புளிப்புக்கு உலோகத்தைக் கரைக்கும் இயல்பு உண்டு. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தைக் கையாண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. புளி, தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றிலும் அமிலம் இருக்கிறது. நெடுநேரம் கொதிக்கும்போது, நிக்கலும் குரோமியமும் சிறிது சிறிதாகக் குழம்பில் இறங்குகின்றன.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் இதனை அளந்து வெளியிட்டனர். எவர்சில்வரில் தக்காளிச் சாற்றை 6 மணி நேரம் காய்ச்சியபோது, அதிலிருந்த நிக்கல் 26 மடங்குவரை உயர்ந்தது. புதிய பாத்திரத்திலிருந்தே மிகுதியாகக் கரைந்தது. ஆறு முறை சமைத்தபின் அளவு குறைந்து நிலைபெற்றது. பத்தாம் முறையில், 126 கிராம் சாற்றில் சராசரியாக 88 மைக்ரோகிராம் நிக்கல் கலந்திருந்தது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம்.

இது அஞ்சத்தக்க அளவா? உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 13 மைக்ரோகிராம் நிக்கல்வரை தாங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 650 மைக்ரோகிராம் ஆகும். ஆகவே, நல்ல உடல்நலம் உடையோர் எவர்சில்வரை ஒதுக்க வேண்டியதில்லை.

எனினும், நிக்கல் ஒவ்வாதவர்கள் நம்மிடையே உள்ளனர். மலிவான தோடு அணிந்தால் காது புண்ணாகிறவர்கள் இவ்வகையினராக இருக்கலாம். இவர்களுள் சிலருக்கு, உணவில் சேரும் நிக்கலாலும் கையில் அரிப்பும் கொப்புளமும் மிகுதியாகும். மரம் வெட்டிப் பிழைப்போருக்குக் கையே மூலதனமன்றோ? கைப்புண்ணுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆதலால், மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறுக.

நாம் பின்பற்றத்தக்க முறைகள் சில உள. புதிய பாத்திரத்தில் முதலில் புளித்தண்ணீரைச் சில முறை கொதிக்க வைத்துக் கொட்டிவிடுக. தண்ணீர் கொதித்த பிறகே உப்பிடுக. குளிர்ந்த நீரில் உப்பு அடியில் தங்கினால், அங்கே சிறு குழிகள் விழும். நெடுநேரம் கொதிக்க வேண்டிய புளிக்குழம்புக்கு மெருகு பூசாத மண்சட்டி நன்று. எஞ்சிய குழம்பைக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்திற்கு மாற்றுக. ஊறுகாயை எவர்சில்வரில் வைத்தல் கூடாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நாகம் பூசிய வாளியில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பில் நாகம் எளிதிற் கரைந்து, குடித்தவருக்கு வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். திருமணம், திருவிழாக் காலங்களில் இதனை மறவாதீர்கள்.

பாத்திரத்தின் பளபளப்பை மட்டும் நோக்காமல், அதன் இயல்பறிந்து பயன்படுத்துவோமாக.