அழிச்சுப் போடு



பண்பாடு, படைப்பாற்றல், மனித நடத்தை, செயற்கை நுண்ணறிவு என்று நான்கு பெரிய சொற்களை இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழில் அச்சிட்டு, தலைமையுரைக்கு 30 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். சொல்லுக்கு ஏழரை நிமிடம். ஏழரை நமக்கு ஆகாது. அதனால் நான்கையும் தனித்தனியே தொடாமல், நான்கும் வந்து முட்டிக்கொள்கிற ஓர் இடத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன். இடம், வீட்டு வாசல். பொருள், கோலம்.

நான் நாட்டார் வழக்காற்றியல் படித்தவள். கணினி எனக்குத் தட்டச்சுப் பொறிக்குப் பதிலாக வந்த சாமான், அவ்வளவுதான். ஆனால் கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு, இந்த அரங்கில் இருக்கும் பலர் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது.

தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். கல்வெட்டு எழுத்து, சிந்துவெளிக் குறியீடு, மாமல்லபுரத்துச் சிற்பம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணியும் அளந்தும் பார்த்துவிடுகிற மனிதர். அவரும் அவர் துணைவியார் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொழியியலாளர் சோம்ஸ்கி 1950களில் வாக்கியங்களுக்கு வகுத்த முறையில் கோலத்துக்கு ஓர் இலக்கணம். வாக்கியத்தில் சொற்கள் ஒரே வரியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கோலத்தில் புள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். ஆகவே இலக்கணத்தையும் இரு திசையில் விரிக்க வேண்டியிருந்தது. சிறிய கோலம் ஒன்றிலிருந்து தொடங்கி, விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அதே குடும்பத்துப் பெரிய கோலங்கள் வந்துகொண்டே இருக்கும். தலைப்பை அப்படியே தமிழாக்கினால் 'அணி இலக்கணங்களும் கோலமும்' என்று வரும். தண்டியலங்காரம் நடத்துகிறவர்கள் உரிமை கோர வேண்டாம். இங்கே அணி என்பது வரிசையும் பத்தியுமாக நிற்கும் அடுக்கு. தாவர வளர்ச்சியை விவரிக்க லிண்டன்மையர் என்ற உயிரியலார் 1968இல் அமைத்த இலக்கணத்தைக் கொண்டும் பின்னால் கோலம் வரைந்து பார்த்தார்கள். பாசி வளர்கிற விதியில் கோலமும் வளர்ந்தது.

பேராசிரியர்கள் வந்துதான் கோலத்துக்கு இலக்கணம் கிடைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். மார்கழியில் வார இதழ்களில் கோலப் படத்துக்கு அடியில் '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்று ஒரு வரி இருக்கும். அதை வாசிக்கிற பெண் நடுவில் 15 வைப்பாள். மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து, இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளியை இறக்கி, 8இல் நிறுத்துவாள். எண்ணிப் பார்த்தால் 169 புள்ளி. ஐந்து சொல்லுக்குள் 169 புள்ளியும் அவை நிற்கிற ஒழுங்கும் அடங்கிவிட்டன. நிரல் எழுதுகிறவர்கள் இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் தெருவில் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர்கள் இதைச் செய்தார்கள்.

போன மாதம் என் பேரன், படம் வரைகிற செயலி ஒன்றில் '7 புள்ளிச் சிக்குக் கோலம்' என்று கேட்டுக் காட்டினான். வந்த படம் அழகு. ஈரச் செம்மண் தரை, விடியற்கால வெளிச்சம், ஓரத்தில் ஒரு பித்தளைக் குடம். கோலம்தான் சரியில்லை. கோடு பாதியில் நின்றது. இரண்டு புள்ளிகள் வளைவுக்குள் அகப்படாமல் அநாதையாகக் கிடந்தன. ஒரு வளைவுக்குள் புள்ளியே இல்லை. எங்கள் ஆச்சி பார்த்திருந்தால் "கொடம் நல்லாருக்கு" என்றிருப்பாள்.

இன்னும் இரண்டு வருடத்தில் சரியாகிவிடும் என்றான் பேரன். ஆகும். இயந்திரத்தின் தடுமாற்றத்தைக் கொண்டாட நான் இங்கே வரவில்லை. அந்தக் கொண்டாட்டத்துக்கு ஆயுள் குறைவு. எனக்கு உறுத்துவது வேறு. அரை நூற்றாண்டுக்கு முன் சில விதிகளை வைத்துப் பிசகாமல் வரைய முடிந்ததை, எண்ணி மாளாத படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் ஏன் தவறவிட்டது?

அது பார்த்ததெல்லாம் போட்டு முடித்த கோலம். ஆச்சி எனக்கு எந்தக் கோலத்தையும் முழுசாகக் காட்டிக் கற்றுக்கொடுத்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "இதைச் சுத்தி வா, அடுத்ததை விட்டுரு, திரும்பி வரும்போ அதைப் புடி" என்று சொல்லிக்கொண்டே வருவாள். கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேரும்போதுதான் என்ன கோலம் என்று எனக்கே தெரியும். தப்பினால், "ஏட்டி, அழிச்சுப் போடு" என்பாள். எந்த இடத்தில் தப்பியது என்று சொல்ல மாட்டாள். பாதி சரியாகத்தானே இருக்கிறது, மீதியை மட்டும் திருத்துகிறேனே என்று கெஞ்சுவேன். கேட்க மாட்டாள். "கை தப்புன எடம் கைக்குத்தான் தெரியும். மொதல்ல இருந்து வா." சிரோமணி தம்பதியரும் பிற்காலக் கட்டுரைகளில் சிக்குக் கோலத்தைக் கை நகர்வுகளின் தொடராகவே எழுதினார்கள்: நேரே போதல், வளைதல், சுற்றி வருதல். ஆச்சியும் அவர்களும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இணையத்தில் கிடப்பது பெரும்பாலும் போட்டிக்குப் போட்ட கோலமும் பொங்கலுக்குப் போட்ட வண்ணக் கோலமும்தான். செவ்வாய்க்கிழமை அவசரத்தில் போட்ட நாலு புள்ளிக் கோலத்தை யார் படம் எடுத்தார்கள்? பால்காரர் சைக்கிள் ஏறி, எறும்பு மாவைத் தூக்கிப்போய், பத்து மணிக்குள் அது கலைந்துவிடுகிறது. அழித்துப் போட்ட முந்தைய மூன்று முயற்சிகள் அதற்கும் முன்பே போய்விட்டன. எழுதி வைக்காத, படம் பிடிக்காத பண்பாடு இயந்திரத்தின் கண்ணுக்கு இல்லாத பண்பாடு. தொல்காப்பியர் செய்யுளோடு பேச்சு வழக்கையும் பார்த்துத்தான் நூல் செய்தார் என்று அதன் பாயிரம் சொல்கிறது. இன்றைய இயந்திரம் தமிழில் செய்யுள் பக்கத்தை ஓரளவு வாசித்திருக்கிறது. வழக்குப் பக்கம் அதற்கு ஏறக்குறைய இருட்டு.

இதற்காகக் கோலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடவும் எனக்கு மனமில்லை. விடியுமுன் எழுந்து குனிந்த இடுப்போடு வாசலில் நிற்கிற கடமையைப் பெண்ணுக்கு மட்டும் கொடுத்த வழக்கம் அது. சம்பளத்துக்கு அடுத்த வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு, தன் வீட்டு வாசலுக்கு நேரமில்லாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். இயந்திரக் கோலமும் புதிதல்ல. துளை போட்ட உருளையை உருட்டினால் பட்டை பட்டையாகக் கோலம் விழும். அடுக்குமாடி வீடுகளில் ஸ்டிக்கர் கோலம் வந்து எத்தனை வருடம் ஆயிற்று! என் மகள் வீட்டிலும் அதுதான். அப்போதெல்லாம் யாரும் கருத்தரங்கு கூட்டவில்லை. பெண்கள் தரையில் செய்கிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது அது வசதி. ஆண்கள் மேசையில் செய்கிற வேலைக்கு அது வந்தவுடன் பண்பாட்டு நெருக்கடி.

மனித நடத்தை என்று அழைப்பிதழில் இருக்கிறதே, அதற்கும் வருகிறேன். 2021இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டில் 192 பெண்கள் போட்ட 3,139 கோலங்களை எடுத்துக்கொண்டு, தகவல் கோட்பாட்டில் ஷானன் வகுத்த அளவையால் அவற்றின் சிக்கலை அளந்தது. கோலம் பெரிதானால் சிக்கலும் ஏறிக்கொண்டே போகும் என்றுதானே நினைப்போம்? ஏறவில்லை. சிறியதிலும் பெரியதிலும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. வளைவு வகைகளைக் கூட்டினால், அவை சமமாக வராதபடி பார்த்துக்கொள்கிறார்கள்; தங்களை அறியாமலே இந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். சிக்கலின் அளவைச் சாதி தீர்மானிக்கிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆள் மாறுகிற ரசனை, திறமை, ஈடுபாடு, செலவிட முடிந்த நேரம், மனித நினைவின் எல்லை ஆகியவைதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதில் நேரம் என்ற சொல்லில் எனக்கு அடுப்பில் வைத்த பால் தெரிகிறது. பத்தாயிரம் புள்ளி கேட்டாலும் இயந்திரத்துக்கு இடுப்பு வலிக்காது. இடுப்பு வலியும் கோல இலக்கணத்தில் ஒரு விதி.

இயந்திரம் வாய்பாட்டைத் திருப்பிப் போடுகிறது, மனிதன்தான் புதிதாகப் படைக்கிறான் என்ற வாதத்தை இன்று மாலைக்குள் மூன்று கட்டுரையிலாவது கேட்போம். கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். வாய்பாடு இல்லாத படைப்பு நம்மிடம் எப்போது இருந்தது? பாரி, லார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவர் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் கண்ட வாய்மொழி வாய்பாடுகளை, ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி 1968இல் வெளியான தம் நூலில் சங்கப் பாடல்களிலும் தேடிக் காட்டினார். ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. வாய்பாடு இருந்தது என்பதால் பாடினவர் கவிஞரே இல்லை என்று யாரும் முடிவு கட்டவில்லை.

ஒப்பாரி பாடுகிற பெண்ணுக்கும் வாய்பாடுதான் மூலதனம். பல வருடங்களுக்கு முன் ஒரு சாவு வீட்டில் அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பாடியவர் இறந்தவரை, மகனுக்குச் சொத்து வைத்த மகராசன் என்று பாடிவிட்டார். பக்கத்தில் தோளைக் கட்டிக்கொண்டு அழுத பெண், அழுகைக்கு நடுவே, "மகளுக்கும் வச்சாரு" என்றாள். குரல் உடையவில்லை, ராகம் நிற்கவில்லை, அடுத்த அடி மகளுக்கு மாறியது. என் நாற்பது வருட வேலையில் படைப்பாற்றல் என்பதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. வாய்பாடு பழையதுதான். தப்பு என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தாள். சொன்னால் கேட்டே ஆக வேண்டிய நிலையில் பாடியவளும் இருந்தாள். நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டியவள்.

செயலியிடமும் தப்பு என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். உடனே மன்னிப்புக் கேட்டது, திருத்தியது. பிறகு சரியாக இருந்த ஒன்றையும் வேண்டுமென்றே தப்பு என்றேன். அதே பணிவு, அதே மன்னிப்பு. ஆச்சியிடம் இந்தக் குணம் அறவே கிடையாது.

இந்தப் பணிவுக்கு நாம் மயங்குகிறோம் என்பது தெரிந்த கதைதான். எம்.ஐ.டி.யில் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் 1966இல் எலைசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் மாதக்கணக்கில் அதை உருவாக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் தட்டச்சில் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், அவரை அறையைவிட்டு வெளியே இருக்கச் சொன்னாராம். 1976இல் எழுதிய நூலில் வைசன்பாமே கொஞ்சம் அதிர்ச்சியோடு இதைச் சொல்கிறார். தலையாட்டுகிறவரிடம் மனம் திறக்கிறோம். அழிச்சுப் போடு என்கிறவரிடமிருந்து ஓடுகிறோம். அண்மையில் ஒரு வகுப்பின் 30 கட்டுரைகளைத் திருத்தக் கொடுத்தார்கள். செயலியிடம் கேட்டு எழுதியவை போலும், ஒன்றிலும் ஒற்றுப்பிழை இல்லை. ஒன்றிலும் ஒரு சண்டை இல்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எதைத் திருத்துவது?

இங்கே இரண்டு நாளில் கட்டுரை வாசிக்க இருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். இயந்திரம் படைக்குமா என்ற கேள்விக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். அது செய்ததை யார் திருத்துகிறார்கள், திருத்தியவர் பெயர் எங்கே இருக்கிறது, தப்பினால் யார் வந்து பதில் சொல்வார்கள் என்று கேளுங்கள். கணினித் துறையிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகள் கோலத்துக்குத் தரவுத்தளம் அமைக்கப் போவதாகச் சொன்னார்கள்; மகிழ்ச்சி. போட்டியில் பரிசு வாங்கிய படங்களை மட்டும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். கை எங்கே தொடங்கியது, எங்கே திரும்பியது, எதை அழித்தது என்பதையும் பதிவு செய்யுங்கள். போட்டவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் விரும்பினால் பெயரைப் போடுங்கள், கூலியையும் கொடுங்கள்.

இந்தக் கட்டடத்து வாசலில் இன்று ஒரு சிக்குக் கோலம் இருந்தது. நான் வரும்போது இரண்டு கார் ஏறி இறங்கியிருந்தாலும் 13 புள்ளி என்று எண்ண முடிந்தது. போட்டவர் இங்கே பெருக்கித் துடைக்கிற பணியாளர். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். "மாடி பெருக்கணும், அப்புறம் சொல்றேம்மா" என்று துடைப்பத்தோடு போய்விட்டார். மதிய இடைவேளையில் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு போய் அவரிடம் கேளுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.