கடற்போரில் நிலத்தின் பங்கு: மலாயா, 1941–42



தேர், யானை, குதிரை, காலாள் என நம் முன்னோர் எண்ணிய நால்வகைப் படையுள் கப்பல் இல்லை. இன்று நாம் தரைப்படை, கடற்படை, வான்படை என மூன்றாகப் பகுக்கிறோம். இப்பெயர்கள் படை பொருதும் இடத்தைச் சுட்டுவனபோல் தோன்றினும், அது யாருடைய ஆணைக்கு உட்பட்டது என்பதையே உணர்த்துகின்றன. இவ்வேறுபாட்டை அறிய இவ்வட்டாரத்தில் நிகழ்ந்த போரே போதும்.

1938இல் செம்பவாங்கில் பிரித்தானியக் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. ஆனால் அங்கு நிலையாகத் தங்கும் பெருங்கப்பற்படை இல்லை. இடர் நேர்ந்தால் ஐரோப்பாவிலிருந்து அனுப்பலாம் என்பது கணக்கு. அதுவரை தளத்தைக் காக்க வேண்டியவை வானூர்தித் திடல்கள். அத்திடல்களைக் காக்க வேண்டியது காலாட்படை.

கோத்தா பாரு திடல் கடற்கரைக்கு மிக அருகில் அமைந்திருந்தது. 1941 டிசம்பர் 8, நள்ளிரவு கடந்ததும் ஜப்பானியர் அங்குக் கரையிறங்கினர். அன்று மாலைக்குள் வான்படை திடலைக் கைவிட்டது. தரையில் நேர்ந்த இவ்விழப்புக்குக் கடலில் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. இரு பெரும் போர்க்கப்பல்களுடனும் நான்கு நாசகாரிக் கப்பல்களுடனும் வடக்கே சென்ற அட்மிரல் டாம் பிலிப்சுக்கு, 10ஆம் நாள் வான்காவல் அளிக்க இயலாது என்னும் செய்தி வந்தது.

அந்நாளில் குவாந்தானுக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' இரண்டும் மூழ்கின. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிலிப்ஸ் வானொலி மௌனம் காத்ததால், செம்பவாங் திடலிலிருந்து வந்த போர் வானூர்திகள் கப்பல்கள் மூழ்கிய பின்னரே அவ்விடத்தை அடைந்தன. அதையும் மறுப்பதற்கில்லை. தாக்கிய வானூர்திகளோ ஜப்பானியக் கடற்படைக்கு உரியவை. எனினும் எந்தக் கப்பலின் தளத்திலிருந்தும் அவை எழவில்லை. சைகோன் பகுதியின் தரைத் திடல்களிலிருந்து எழுந்தன. இதனைக் கடற்படையின் வெற்றி என்று மட்டும் எழுதினால், பெயர் சரி, பொருள் பாதி.

சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கின என்று வகுப்பறைகளில் இன்றும் கேட்கிறோம். அது முற்றும் சரியன்று. ஜொகூர் பீரங்கி அணியின் 15 அங்குலப் பீரங்கிகள் நிலத்தை நோக்கித் திரும்பிச் சுட்டன. குறை குண்டுகளில் இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைக்கச் செய்யப்பட்டவை. மென்மண்ணில் ஆழப் புதைந்தபின் வெடித்ததால் காலாட்படைக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கவில்லை.

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்தனர். 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. செம்பவாங் தளத்தை எந்தக் கப்பற்படையும் கடல்வழி வந்து பிடிக்கவில்லை. அதனை வீழ்த்தியவர்கள் காலாட்கள். அவருள் பலர் தீபகற்பத்தை மிதிவண்டியில் கடந்து வந்தவர்கள்.