கூட்டுக் குடித்தனத்தில் மாணவர்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மேற்படிப்பின் பொருட்டு நம் பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்புங்கால், எக்கல்லூரி, எப்பாடம், எவ்வளவு கட்டணம் என்பனவற்றைப் பெற்றோர் பலநாள் ஆராய்கின்றனர். எவரோடு ஓரறையில் வசிப்பது என்பதை மட்டும் ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்துவிடுகின்றனர். அம்முடிவு பிழைபட்டால் வருஷம் முழுதும் பொருட்சேதமும் படிப்புச் சேதமும் விளைகின்றன. ஆதலின், நாணயமற்ற அறைத்தோழரால் மாணவர்க்கு நேரும் இடர்களையும், அவற்றினின்று காத்துக்கொள்ளும் வகையையும் பற்றி இன்று சில கூற எடுத்துக்கொண்டோம். இஃது அற்ப விஷயமென்று எவரும் அசட்டை செய்யாதிருக்க வேண்டுகின்றோம்.

முதற்கண் ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். மாணவர் விடுதியில் இருப்பவன் தன் பங்கைத் தானே செலுத்துகின்றான். அடுத்த கட்டிலில் இருப்பவன் செலுத்தாது போனால் அவனையே கேட்பர். இவனுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. நால்வர் கூடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பதோ அத்தன்மையதன்று. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவைப் பாருங்கள். பலர் கூடி ஒரு வாக்குக் கொடுத்தால், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, அவருள் எவரிடமிருந்தும் முழுமையும் கேட்கலாம். அவ்வாறு கொடுத்தவர் மற்றவரிடம் அவரவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம்; ஒருவர் பங்கு வராமற்போனால் அந்நஷ்டத்தை எஞ்சியவர் சமமாகச் சுமத்தல் வேண்டும்.

உதாரணமாக, மாத வாடகை 16,000 ரூபாய் என்றும், தலைக்கு 4,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவன் சொல்லாமல் போய்விட்டால் மற்ற மூவரும் மாதந்தோறும் சுமார் 5,333 ரூபாய் கொடுத்தாக வேண்டும். மிகுதியாகும் 1,333 ரூபாய், பிள்ளையின் செலவுக்கு அளந்து அனுப்பும் தந்தைக்குச் சிறு தொகையன்று. மகனோ இதனை வீட்டுக்குச் சொல்லக் கூசி, இராச் சாப்பாட்டைக் குறைத்தும் புத்தகம் வாங்காமலும் ஈடு செய்வான். பெற்றோர் அறியாமலே நடைபெறும் இத்தீங்குதான் எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

மின்சாரக் கட்டணமும் இத்தகையதே. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கின்றனர். உபயோகம் ஏற ஏற அலகின் விலையும் ஏறும். ஒருவன் இரவெல்லாம் குளிர்சாதனத்தை ஓட்டினால் வீட்டின் மொத்தக் கணக்கே உயர்ந்த விலைப்படிக்கு ஏறிவிடும். கட்டணம் கட்டும் நாளில் அவன் வீட்டைவிட்டே போயிருத்தலுங் கூடும்.

நிற்க. இங்கே நம்மவரிடையே பெருவழக்காயுள்ள ஓர் எண்ணத்தைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. "உடன் இருப்பவன் நம்மவர் பிள்ளை, மாமன் மைத்துனன் முறையுள்ளவன், அவனிடம் எழுத்து எதற்கு?" என்கின்றனர். உறவு இருப்பதனாலேயே எழுத்து வேண்டுமென்போம். அயலானிடம் பாக்கியை வாய்விட்டுக் கேட்கலாம். உறவினனிடம் கேட்டால் அவன் தாய்க்கு மனத்தாங்கல். கேளாவிட்டால் நம் வீட்டுக்கு நஷ்டம். ஒரு மின்சாரக் கட்டணத்தின் பொருட்டு இரு குடும்பத்தார் நற்காரியங்களிற் கலவாமலிருக்கும் நிலை வருதல் வேண்டுமா? திருவள்ளுவனார் 'நட்பு' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'நட்பாராய்தல்' என்பதை வைத்தார். ஆராய்வது நட்புக்குப் பகையன்று என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும்.

இனி, குடிபுகுமுன் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, வீட்டுக்காரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலிலுள்ள புதிய வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கின்றது. வேறு உடன்படிக்கை இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முன்பணம் வாங்கலாகாது என்றும் விதிக்கின்றது. அவ்வொப்பந்தத்தில் குடியிருப்போர் எல்லோருடைய பெயரும் இருத்தல் நலம். ஒருவன் பெயரிலே மட்டும் எழுதினால் பாரம் முழுதும் அவன் தலைமேல் விழும். 18 வயது நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் செல்லாதாகையால், முதல் வருஷத்து மாணவர் சிலருக்குத் தந்தையரே கையொப்பமிட நேரும். கூடுமாயின் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கே பொறுப்பு என்று எழுதித் தர வீட்டுக்காரரை வேண்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, தோழர் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒரு தாள். முன்பணத்தில் யார் எவ்வளவு கொடுத்தார். வாடகைப் பங்கை எத்தேதிக்குள் தருவது. மின்சாரம், எரிவாயு உருளை, குடிநீர், இணைய இணைப்பு ஆகியவற்றை எவ்வாறு பகிர்வது. விலகுபவன் எத்தனை நாள் முன்னர் அறிவிப்பது. அவனுக்குப் பதில் ஆள் வரும்வரை அவன் பங்கை யார் தருவது. விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம். பரீட்சைக் காலத்தில் எம்மணிக்குமேல் ஓசை கூடாது என்பனவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையொப்பமிட்டால் போதும். அரைமணி நேரத்து வேலையே இது.

மூன்றாவது, நாட்கணக்கு. 1888-ல் சட்டம் பயில லண்டன் சென்ற காந்தியடிகள், செலவிட்ட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்குமுன் இருப்பைச் சரிபார்த்த செய்தியைத் தம் சுயசரிதையில் கூறியுள்ளார். நம் மாணவர் ரொக்கமாய்க் கொடாமல் வங்கி வழியாகவே கொடுத்தால், எழுத மறந்ததற்கும் சாட்சி இருக்கும்.

இவ்வளவு செய்தும் தோழன் தவறினால் யாது செய்வது? தவறுபவன் எத்தன்மையன் என்று முதலில் அறிதல் வேண்டும். இல்லாமையால் தவறுபவன் ஒருவன். இருந்தும் கொடாதவன் மற்றொருவன். தந்தை நோயுற்றதனாலோ உதவித்தொகை தாமதித்ததனாலோ கொடுக்க முடியாதவனைப் பலர் முன் கேட்டல் கொடுமை. தனியே அழைத்துப் பேசித் தவணை கொடுங்கள், அத்தவணையையும் எழுதிக்கொள்ளுங்கள். புதிய கைப்பேசி வாங்கிவிட்டு வாடகைக்குக் கை விரிப்பவனிடம் தாட்சண்யம் வேண்டாம். முதல் மாதத்திலேயே தொகையும் தேதியும் குறித்து எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதம் பொறுத்துப் பின் வெடிப்பதால் பணமும் வராது, நட்பும் நில்லாது. அடுத்த மாதமும் வாராதாயின் அவன் பெற்றோருக்கு அமைதியாகத் தெரிவியுங்கள். வீட்டுக்காரருக்கும் தவணை தவறுமுன்பே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பதில் ஆளை அவர் சம்மதமின்றிச் சேர்க்காதீர்கள்.

செய்யத்தகாதன சில உண்டு. பாக்கிக்காக அவன் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தல், பெட்டியை வெளியே எறிந்து பூட்டுதல், கைகலத்தல் ஆகியவை நியாயம் உடையவனையே குற்றவாளி ஆக்கிவிடும். ஒவ்வொருவனும் தன் மூலச் சான்றிதழ்களை அறையில் வையாது பெற்றோரிடமே வைத்தலும் நன்று.

பணத்தில் நாணயமுடையவனாயினும் பாத்திரம் துலக்காதவன், கதவைத் திறந்து போட்டுச் செல்பவன், நள்ளிரவிற் கூச்சலிடுபவன் என்று வேறு சிலர் உளர். இவரிடம் முறைப்பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டி நடத்திப் பாருங்கள். திருந்தாவிடில் வருஷ முடிவிற் பிரிதலே மேல். பிரியும்போது கணக்கை முடித்து, முன்பணப் பங்கைத் திருப்பி, முகமலர்ச்சியோடு பிரியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகனை மதிப்பெண் மட்டும் கேளாதீர்கள், "இம்மாதம் உன் பங்குக்கு மேல் ஏதும் கொடுத்தாயா?" என்றும் கேளுங்கள். கோபியாமல் கேட்டால் அவன் மறையாமற் சொல்வான். பெண்மக்களைத் தனியார் விடுதியிற் சேர்க்குமுன், தமிழ்நாட்டின் 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி அவ்விடுதி உரிமம் பெற்றுளதா என்று பாருங்கள்.

நமது சங்கத்தாரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. நகரங்களில் வசிக்கும் நம் பெரியோர் இருவர் மூவர், இத்தகைய வழக்குகளை இருபக்கமும் கேட்டுத் தீர்த்து வைக்க முன்வருதல் வேண்டும். வாடகைக்கு முட்டுப்பட்ட ஏழை மாணவனுக்கு ஒரு மாதப் பங்கைக் கைம்மாற்றாகக் கொடுத்துதவச் சிறு நிதி ஒன்று சேர்ப்பதும் இயலாததன்று. அந்த ஒரு மாத உதவி கிடையாமல் படிப்பை விட்டு ஊர் திரும்பும் பிள்ளை நம்மில் ஒருவனும் இருத்தலாகாது.

இளைஞர்களே! கேட்கவேண்டியதை உரிய காலத்திற் கேளுங்கள். கொடுக்கவேண்டியதைக் கேளாமுன் கொடுங்கள். நீங்கள் அனைவரும் நல்ல தோழரோடு கூடிக் கல்வியிற் சிறந்து விளங்குக என வாழ்த்தி அமைகின்றோம்.