மிதவை டியூபைத் தூண்டில் முள்ளிலிருந்து காப்போம்

(காடாம்புலியூரில் பண்ணைக்குட்டை உழவர்களிடையே ஆற்றிய உரை)



முந்திரியும் பலாவும் செழிக்கும் இந்தச் செம்மண் பூமியில் உழவியல் துறையைச் சேர்ந்த ஒருவன் பேச வந்தால், கவாத்தைப் பற்றியோ உரத்தைப் பற்றியோதான் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் லாரி டியூப். சிரிக்க வேண்டாம். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பது ஒருங்கிணைந்த பண்ணையத்தின் ஓர் அங்கம் என்று உங்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் நாங்கள். குட்டையில் மீன் விடச் சொன்னவர்களுக்கு, அந்த மீனைப் பிடிக்க இறங்குகிறவர் நலமாகக் கரையேற வேண்டும் என்ற பொறுப்பும் உண்டு.

நம் மாவட்டத்தில் நீர் நிற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. தெற்கே வீராணம் ஏரி இருக்கிறது. நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு சுரங்கப்பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் அங்கே வெட்ட முடியும். அந்தச் சுரங்க நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்துக்கு உதவி வருகிறது. இவை தவிர ஊருக்கு ஊர் சிற்றேரிகளும் குட்டைகளும் உள்ளன. நீர் உள்ள இடத்தில் மீன் உண்டு. மீன் உள்ள இடத்தில் தூண்டிலோடு நாமும் உண்டு.

மேட்டூரிலும் ஒகேனக்கல்லிலும் பரிசல் உண்டு. நம் குட்டைக்குப் பரிசல் கட்டுப்படியாகாது. ஆகவே பஞ்சர் கடையில் பழைய லாரி டியூபை வாங்கி, காற்றடித்து, குறுக்கே கயிறு பின்னி, அதில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறோம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. மேல்நாட்டார் இதற்கென்றே மிதவை செய்து விற்கிறார்கள். அதற்கும் மூலம் இந்த டியூப்தான்.

காற்றை நம்பிய மனிதன்

காற்றைப் பிடித்துவைத்து நீரில் மிதப்பது பழைய வித்தை. நம் பிள்ளைகள் சுரைக்குடுவையையும் வெறுங்குடத்தையும் கட்டிக்கொண்டு நீச்சல் பழகினார்கள். சிந்து நதி மீனவர்கள் வாய் அகன்ற மண்பானையின் மேல் வயிறு பதியப் படுத்து மீன் பிடித்தார்கள். ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முந்திய அசீரியச் சிற்பங்களில், காற்று ஊதிய தோற்பையைத் தழுவிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஆட்களைக் காணலாம்.

ரப்பர் பின்னால் வந்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறையை அமெரிக்காவில் குட்இயர் என்பவர் 1839-இல் கண்டார். 1888-இல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றுச் சக்கரம் செய்தார். காற்றை எளிதில் கசியவிடாத பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் 1937-இல் உருவாக்கப்பட்டது. இன்று லாரி டியூபுகள் பெரும்பாலும் இந்த ரப்பரால் ஆனவையே. காற்றை நாள்கணக்கில் பிடித்துவைப்பதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் முள் குத்தினால் இதுவும் ரப்பர்தான்.

ஒரு காலையில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், ஓர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் டியூபில் அமர்ந்து, தவளையை இரையாகக் கோத்து விரால் பிடித்துக்கொண்டிருந்தார். பெரிய விரால் ஒன்று கடித்தது. அவர் வெட்டி இழுத்தார். மீன் கழன்று போயிற்று. இழுத்த வேகத்தில் முள் திரும்பி வந்து டியூபில் ஏறிவிட்டது.

அதுவரை ஆபத்து ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. அவர் பதற்றத்தில் முள்ளை இரு கையாலும் பற்றிப் பிடுங்கினார். ரப்பர் கிழிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டியூப் துவண்டு போயிற்று. அவருக்கு நீச்சல் தெரியும். ஆனால் பாசிக்கொடி காலைச் சுற்றிக்கொண்டது, நனைந்த வேட்டியும் சேர்ந்து இழுத்தது. இரை கொண்டுவந்த மூடி போட்ட பிளாஸ்டிக் கேன் ஒன்று பக்கத்தில் மிதந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கரையில் இருந்தவர்கள் கயிறு வீசி இழுத்தார்கள்.

மூச்சு வாங்கி முடித்ததும் அவர் சொன்னார்: "முள்ள நாந்தாங்க புடுங்கினேன். ஏரி என்னாங்க பண்ணும்?"

நான் இன்று சொல்லப்போவது முழுதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

முள் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது?

தூண்டில் முள்ளின் முனைக்குச் சற்றுப் பின்னால், எதிர்ப்பக்கம் நோக்கிய சிறு செதில் இருக்கும். மீனைக் கழலவிடாமல் பிடிப்பது அதுதான். ரப்பருக்குள் போகும்போது அது ஊசித் துளைதான் போடும். வெளியே வரும்போது துளையைக் கிழித்துக்கொண்டு வரும். சைக்கிள் சக்கரத்தில் ஆணி ஏறினால், அது இருக்கும்வரை காற்று மெல்லக் கசியும், பிடுங்கிய பிறகுதான் புஸ்ஸென்று போகும். இது நாம் அனைவரும் அறிந்ததே.

இன்னொன்று. லாரிச் சக்கரத்துக்குள் இருக்கும்போது டியூபுக்கு டயர் கவசமாக நிற்கிறது. வெளியே எடுத்து ஊதினால் அந்தக் கவசம் இல்லை. விறைப்பாக ஊதிய டியூபின் மேல்தோல் தம்புராத் தந்தி போல் இழுபட்டு நிற்கும். அதில் விழுந்த துளை எளிதில் விரியும். தளர்ந்த டியூபில் முள் சறுக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

தூண்டில் முள் மட்டுமே பகை என்று எண்ண வேண்டாம். கெளுத்தி, தேளி மீன்களின் பக்கத் துடுப்பு முள், பனையேறிக் கெண்டையின் செவுள்மூடிப் பற்கள், ஜிலேபிக் கெண்டையின் முதுகு முள் ஆகியவையும் டியூபைப் பதம் பார்க்கும். ஏரிக்குள் நிற்கும் கருவேல், சீமைக் கருவேல் முட்களைச் சொல்லவே வேண்டாம்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. முள்ளுக்கு முதலில் உறை போடுங்கள். பயன்படுத்தாத முள் எதுவும் டியூபின் மேல் திறந்து கிடக்கக் கூடாது. சைக்கிள் வால்வு டியூபை அரை அங்குல நீளத்துக்கு நறுக்கி, முள் முனையில் செருகிவிடலாம். செலவு சில காசுகளே. பல முட்கள் கோத்த நீண்ட தூண்டிலாக இருந்தால், மூங்கிற்கூடையின் விளிம்பில் வைக்கோற்பிரியை இறுகச் சுற்றி, முட்களை வரிசையாக அதில் குத்தி வைக்கலாம். அந்தக் கூடை டியூபில் இல்லாமல், தனியே மிதக்கும் பலகையில் இருப்பது நலம்.

2. செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கயிற்றைத் தொய்யவிடாமல் இழுத்தால் செதில் இல்லாத முள்ளிலும் மீன் நிற்கும். இரண்டொரு மீன் தப்பிப் போகலாம். அந்த முள் டியூபில் ஏறினாலும், நம் விரலில் ஏறினாலும் கிழிக்காமல் வரும்.

3. டியூபுக்குச் சட்டை போடுங்கள். கடையில் விற்கும் மிதவைகளில் காற்றுப்பை உள்ளேயும், தடித்த நைலான் உறை வெளியேயும் இருக்கும். நாமும் அவ்வாறே செய்யலாம். உரச்சாக்கு இலேசானது, நீரும் குடிக்காது. ஆனால் இழைகளுக்கு நடுவே முள் நுழைந்துவிடும். கோணிச்சாக்கு நீர் குடித்துக் கனத்துவிடும். தடித்த கித்தான் அல்லது லாரித் தார்ப்பாயின் பழைய துண்டுதான் ஏற்றது. முழு வளையத்துக்கும் இயலாவிட்டால், மடிக்கு முன்னுள்ள பகுதிக்கும், மீனை இழுத்துச் சேர்க்கும் கைப்பக்கத்துக்கும் கட்டாயம் போட வேண்டும். பெரும்பாலும் குத்து விழும் இடங்கள் இவையே. வேறொரு பழைய டியூபை நீளவாக்கில் அறுத்து, உறைக்கு அடியில் சுற்றினால் இரட்டைக் காப்பு.

4. மீனை டியூபின் மேலாக இழுக்காதீர்கள். கைவலையை நீருக்குள் பிடித்து, அதில் மீனை வாங்குங்கள். முள்ளைக் கழற்றும்வரை மீன் வலைக்குள்ளேயே, நீரின் மேலேயே இருக்கட்டும். பிடித்த மீனை மடியில் போடாமல், நீரில் தொங்கும் வலைப்பையில் விடுங்கள்.

5. காற்றை அளவாக அடியுங்கள். லாரிச் சக்கரத்துக்கு அடிக்கும் அழுத்தம் வெளியே இருக்கும் டியூபுக்கு ஆகாது. கட்டை விரலால் அழுத்தினால் சற்றுக் குழிய வேண்டும். குளிர்ந்த காலையில் விறைப்பாக அடித்து வெயிலில் போட்டுவிடக் கூடாது. உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். பிறகு நீரில் இறங்கியதும் சுருங்கித் தளரும். டியூபை நீரில் சிறிது நேரம் போட்டுப் பார்த்து, தேவையான காற்றைப் பிறகு சேர்ப்பதே முறை.

6. வால்வைக் கவனியுங்கள். லாரி டியூபின் உலோக வால்வு நீண்டு நிற்கும். உடலையும் கீறும், முட்செடியிலும் மாட்டும். மூடியைத் திருகி, துணி சுற்றி, உடலில் படாத பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

முள் ஏறிவிட்டால்

பிடுங்காதீர்கள். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் கயிற்றை உடனே அறுத்துவிடுங்கள். இதற்கென ஒரு சிறு கத்தி கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முள் இருந்தபடியே இருக்கட்டும். அதைச் சுற்றி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அருகிலுள்ள கரையை நோக்கி வாருங்கள். மீனைப் பற்றியும் தூண்டிலைப் பற்றியும் பிறகு கவலைப்படலாம்.

இரண்டாவது துணை

இனி சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு மீட்டர் அகலமும், 25 சென்டிமீட்டர் பருமனும் உள்ள டியூபில் ஏறத்தாழ 115 லிட்டர் காற்று இருக்கும். அதாவது 100 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் அத்தனை காற்றும் ஒரே அறையில் இருக்கிறது. ஒரு துளை போதும், அத்தனையும் போய்விடும். நல்ல மிதவைகளில் காற்றறையை இரண்டாகவோ அதற்கு மேலாகவோ பிரித்து வைப்பது இதற்காகத்தான்.

நாம் என்ன செய்யலாம்? நீரில் இருப்பவரின் தலையை மேலே வைத்திருக்க, பெரும்பாலோருக்கு 5 கிலோ அளவு தாங்கு விசை போதும். மூடி இறுகிய 5 லிட்டர் வெறுங்கேன் இரண்டைக் கட்டினால் ஏறத்தாழ 10 கிலோ தாங்கும். அவற்றை டியூபில் கட்டாமல், உங்கள் இடுப்புக் கயிற்றோடு கட்டிக்கொள்ளுங்கள். டியூப் போனாலும் அவை உங்களோடு இருக்கும். சமையல் எண்ணெய் அல்லது குடிநீர் வந்த கேனாக இருக்கட்டும். பூச்சிமருந்து வந்த கேனை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. கழுவினாலும் நஞ்சு மிச்சம் இருக்கும். லைஃப் ஜாக்கெட் வாங்க வசதி உள்ளவர்கள் அதையே அணியலாம். அது இதைவிட மேல்.

தெர்மாகோல் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. மிதக்கும், ஐயமில்லை. ஆனால் உடைந்து பொடிப்பொடியாகி நீரிலும் வயலிலும் கலக்கும். மண்ணில் மக்காது. ஆகவே அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நீச்சல் தெரிந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்பீர்கள். நான் கண்டவருக்கும் நீச்சல் தெரியும். வேட்டியைக் கழற்றிவிட்டு அரைக்கால் சட்டையோடு இறங்குங்கள். தனியே இறங்காதீர்கள். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டையின் சரிவில் கால் வழுக்கும், நீந்தி வந்தவரும் ஏற முடியாமல் தவிப்பார். கரையில் ஒரு கட்டையை அறைந்து, முடிச்சிட்ட கயிறு ஒன்றை நீர்வரை எப்போதும் தொங்கவிட்டிருக்க வேண்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: டியூபைக் குத்தும் முள் அந்த விரிப்பையும் குத்தும், நீர் இறங்கிப் போகும்.

ஒட்டுதலும் பாதுகாத்தலும்

சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழாகக் காட்டிக் கொடுக்கும். அவ்விடத்தைச் சாக்கட்டியால் குறித்து, நன்றாக உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லியதாகத் தடவுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு, துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டராவது பரவும்படி ஒட்டுத் துண்டை அழுத்துங்கள். பஞ்சர் கடையில் சூடுவைத்து ஒட்டுவது இன்னும் உறுதி. மறுநாள்வரை காற்று நிற்கிறதா என்று பார்த்த பிறகே நீரில் இறக்க வேண்டும். வால்வின் அடியிலோ மூட்டிலோ கிழிந்த டியூபை மிதவைக்கு ஒதுக்கிவிடுவதே நலம்.

மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி நலியும். படகு மரத்துக்குப் பூசுகிறார்களே என்று முந்திரி ஓட்டெண்ணெயைப் பூசிவிடாதீர்கள். அது கையைப் புண்ணாக்கும், டியூபுக்கும் நன்மை இல்லை. வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றைப் பாதி இறக்கி, எலி எட்டாத இடத்தில் அகலமான கட்டையில் மாட்டுங்கள். ஆணியில் மாட்டக் கூடாது. டியூப் இல்லாத டயர்கள் லாரிகளில் பெருகி வருகின்றன. நல்ல டியூப் இனி எளிதில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

பெரியோர்களே! களத்தில் நெல் சிந்தினால் கூட்டி அள்ளிவிடலாம். தப்பிய மீன் நாளை மறுபடி கிடைக்கும். நீரில் போன உயிரை அள்ள முடியாது. முள்ளுக்கு உறை, டியூபுக்குச் சட்டை, இடுப்பில் இரண்டு கேன், கையெட்டும் தூரத்தில் ஒரு கத்தி. இந்த நான்கும் இல்லாமல் நீரில் இறங்குவதில்லை என்று இன்றே முடிவு செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.