முறையிட்ட செவிலியர்கள்

சாட்சியத்தை மறைப்பது பாவம் என அறிவோம், ஆயினும் மருத்துவமனையில் பணிபுரியும் நம் பிள்ளை, தவறொன்றைக் கண்டு வந்து சொன்னால், "உனக்கேன் வம்பு?" என்கிறோம்.

அவ்வச்சம் வீணன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கெர்மிட் நகரில் செவிலியர் இருவர், ஒரு மருத்துவரின் சிகிச்சைமுறை குறித்து 2009இல் மாநில மருத்துவ வாரியத்திடம் பெயரிடாமல் முறையிட்டனர். (பெயரிடாமையைக் கோழைத்தனம் என நாம் கருதவில்லை.) அம்மருத்துவரின் நண்பரான காவல் தலைவர், எழுதியவர்களைத் துருவிக் கண்டறிந்தார். வேலை போயிற்று, குற்ற வழக்கும் தொடுக்கப்பட்டது. அத்தகையோரைக் காக்கும் சட்டம் அம்மாநிலத்தில் இருந்தும் இவ்வளவும் நடந்தன.

ஒருவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. மற்றவரை 2010இல் நடுவர் குழு ஒரு மணி நேரத்திற்குள் குற்றமற்றவரென விடுவித்தது. இருவருக்குமாக 7,50,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. பழிவாங்கிய குற்றத்திற்காகக் காவல் தலைவருக்கு 2011இல் 100 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.